மெக்சிகன் மிளகாயும் மற்ற சரக்குகளும் அமெரிக்காவில் எங்கே, எப்போது கிடைக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருந்துகொண்டு மெக்சிகன் சமையலைக் கொஞ்சம் ஆழமாகப் பழக நினைப்பவர்கள் முதலில் தடுமாறுவது கடையில்தான். எந்த மிளகாய், எந்த மாதம், எந்தக் கடை, பெயர்ச்சீட்டை நம்பலாமா என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. தனித்தனியாகப் பலருக்குச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

ஹலபீனோவும் செர்ரானோவும் எல்லா சூப்பர்மார்க்கெட்டிலும் வருஷம் முழுக்க இருக்கே. தனியா எதுக்குத் தேடணும்?

அன்றாட சல்சாவுக்குத் தேடவே வேண்டாம். ஹலபீனோ, செர்ரானோ, பொப்லானோ, ஹபனேரோ நான்கும் பெரிய கடைகளில் எப்போதும் இருக்கும். குளிர்காலத்தில் மெக்சிகோவின் சினலோவா, சொனோரா மாநிலங்களிலிருந்து லாரிகளில் வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் பறித்து எத்தனை நாள் ஆனது என்பது வேறு விஷயம். வாரத்துக்கு ஒரு பெட்டி மிளகாய் விற்கும் கடையில் கிடைப்பதும், ஒரே நாளில் பத்துப் பெட்டி விற்கும் கடையில் கிடைப்பதும் ஒன்றாக இருக்காது. இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும்: சரக்கு வேகமாகத் தீரும் கடையைக் கண்டுபிடியுங்கள். சிலாகா, குவேரோ, மன்சானோ, பழுத்த சிவப்பு ஹலபீனோ போன்றவை சாதாரண சூப்பர்மார்க்கெட் பக்கம் அநேகமாக எட்டிப் பார்ப்பதே இல்லை. அவற்றுக்குத் தேடித்தான் ஆக வேண்டும்.

எந்த மாசம் எது கிடைக்கும்னு ஒரு கணக்கு சொல்லுங்களேன்.

உள்ளூர் விளைச்சலைப் பொறுத்தவரை மிளகாய்க்கு உச்சம் ஆகஸ்டும் செப்டம்பரும். தெற்கே ஜூலையிலேயே தொடங்கிவிடும், வடக்கே ஆகஸ்ட் நடுவில்தான் சூடுபிடிக்கும். முதலில் பச்சையாக வரும். அதே செடியில் விட்டுவைத்த காய்கள் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் சிவந்து வரும். முதல் உறைபனி விழுந்ததும் கதை முடிந்தது. உறைபனிக்கு முந்தைய வாரம் விவசாயிகள் சந்தைக்குப் போனால் மிச்சமிருப்பதையெல்லாம் பறித்துக் கொண்டுவந்திருப்பார்கள். பழுத்த சிவப்பு பொப்லானோவை நீங்கள் கண்ணால் பார்க்க வாய்ப்பிருப்பது அந்த வாரத்தில்தான்.

மற்றவற்றில், நோபாலெஸ் என்கிற சப்பாத்திக்கள்ளி மடல்கள் வசந்தத்தில் இளசாக இருக்கும். பூசணிப்பூ, பருப்புக்கீரை வகையான வெர்தொலாகாஸ், காகித உறைக்குள் வரும் புளிப்புக் காயான தொமாத்தியோ எல்லாம் கோடையில். கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சும் பொஞ்சே என்ற பழப் பானத்தில் போடும் தெஹோகோதே என்ற சிறு மஞ்சள் பழம் நவம்பர், டிசம்பரில் மட்டும் வரும். அதை மெக்சிகோவிலிருந்து பழமாகக் கொண்டுவர நீண்ட காலம் தடை இருந்தது. இப்போது கலிபோர்னியாவிலேயே விளைகிறது. புதுப் பழம் அமையாவிட்டால் பாட்டிலில் அடைத்ததோ உறைய வைத்ததோ போதும்.

சரி, எந்த மாதிரி கடைக்குப் போகணும்?

மேப்பில் ‘மெக்சிகன் கடை’ என்று தேடினால் பாதிதான் காட்டும். கார்னிசெரியா என்றால் இறைச்சிக் கடை, தொர்தியேரியா என்றால் தொர்தியா என்ற தட்டை ரொட்டி சுடும் இடம், பனாதேரியா என்றால் பேக்கரி. இந்த மூன்று சொற்களையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். பல கார்னிசெரியாக்களின் ஓர் ஓரத்தில் காய்கறிப் பெட்டிகளும் காய்ந்த மிளகாய்த் தொட்டிகளும் இருக்கும். இறைச்சி வாங்காதவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள், அது நஷ்டம்.

கலிபோர்னியாவில் நார்த்கேட், வயார்த்தா, கார்தெனாஸ் போன்ற பெரிய சங்கிலிக் கடைகள் இருக்கின்றன. டெக்சாஸில் ஃபியஸ்டா, எச்-இ-பி. சிகாகோவில் லிட்டில் வில்லேஜின் 26-ஆம் தெரு, நியூயார்க்கில் சன்செட் பார்க், கொரோனா, கிழக்கு ஹார்லெமின் 116-ஆம் தெரு, பிலடெல்பியாவில் தெற்கு 9-ஆம் தெரு, டெட்ராய்ட்டின் தென்மேற்குப் பகுதி எல்லாம் நடந்தே சுற்றிப் பார்க்கத் தகுந்தவை. ஒரே தெருவில் நான்கைந்து கடை இருந்தால் எல்லாவற்றிலும் ஒருமுறை நுழைந்து பார்த்துவிட்டு எங்கே வாங்குவது என்று முடிவு செய்யுங்கள். ஒரு கடையில் மிளகாய் அருமையாக இருக்கும், கீரை வாடியிருக்கும். அடுத்த கடையில் நேர்மாறு.

அப்புறம், விவசாயிகள் சந்தை. பல மாநிலங்களில் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறியவர்களே பண்ணை வைத்திருக்கிறார்கள். அவர்கள் கடைவிரித்திருக்கும் இடத்தில் எபசோட்டே, பாபலோ போன்ற மண இலைகள் தானாகவே கண்ணில் படும்.

எங்க ஊர் ரொம்பச் சின்னது. மெக்சிகன் கடையே கிடையாது. என்ன பண்ண?

இல்லவே இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். இறைச்சி பதப்படுத்தும் ஆலை, பெரிய பால்பண்ணை, கோழிப்பண்ணை, பழத்தோட்டம் இருக்கும் சிற்றூர்களில் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்கள் இருப்பார்கள், அவர்களுக்கென்று ஒரு கடையும் இருக்கும். அயோவா, நெப்ராஸ்கா, வட கரோலினா கிராமப்புறங்களில் இப்படிப்பட்ட கடைகள் நிறைய. வெளியே பார்த்தால் பணம் அனுப்பும் நிலையம் மாதிரிதான் தெரியும். உள்ளே ஒரு குளிர்பெட்டியும் மிளகாய்ப் பைகள் தொங்கும் கம்பியும் இருக்கும்.

குவாத்தமாலா, எல் சால்வடார்க்காரர்கள் நடத்தும் கடைகளிலும் பாதிப் பொருட்கள் கிடைத்துவிடும். கொரிய, சீனப் பெரும் அங்காடிகள் பலவற்றில் லத்தீன் பகுதி ஒன்று தனியாக உண்டு. உள்ளூரில் நல்ல மெக்சிகன் உணவகம் இருந்தால் கூட்டம் இல்லாத பிற்பகலில் போய், சரக்கு எங்கே வாங்குகிறீர்கள் என்று நேராகவே கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். காய்ந்த மிளகாய், தொர்தியாவுக்கான சோள மாவான மாசா மாவு, மசாலாக்களுக்கு இணையக் கடைகள் போதும். பச்சை மிளகாயை மட்டும் தபாலில் நம்பாதீர்கள்.

பச்சை மிளகாயை எப்படிப் பார்த்துப் பொறுக்குவது?

முதலில் காம்பைப் பாருங்கள். காம்பு பச்சையாக, விறைப்பாக இருந்தால் பறித்து அதிக நாள் ஆகவில்லை. கறுத்து, சுருங்கி, காம்பின் அடியில் பூஞ்சை மாதிரி வெள்ளையாக இருந்தால் உள்ளேயும் அழுகல் தொடங்கியிருக்கும். அடுத்து கையில் எடுத்தால் அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். தோல் இழுத்துக் கட்டியது போல வழவழப்பாக இருக்க வேண்டும். லேசாக அழுத்தினால் உள்ளே போகக் கூடாது.

பொப்லானோவை எதற்கு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பொறுக்குங்கள். உள்ளே அடைத்துச் செய்வதற்கு என்றால் நேராக, அகலமாக, மடிப்பு குறைவாக இருப்பது வேண்டும். கோணல்மாணலாக இருப்பதன் மடிப்புக்குள் தீ எட்டாது, தோல் உரிக்கும்போது கிழியும். கீற்றாக நறுக்கி ராஹாஸ் செய்ய எந்த வடிவமும் சரிதான்.

ஆரஞ்சு, மஞ்சள் நிறத்தில் குட்டிக் குடைமிளகாய் மாதிரி ஒன்று கண்ணில் பட்டால் கவனம். அது மன்சானோவாக இருக்கலாம். வெட்டினால் விதை கறுப்பாக இருக்கும், சந்தேகமே இல்லாமல் அடையாளம் அதுதான். குடைமிளகாய் என்று நினைத்துக் கடித்தால் அன்றைய பொழுது போச்சு.

ஹலபீனோ ஒரு தடவை காரமே இல்ல, இன்னொரு தடவை கண்ணுல தண்ணி. ஏன் இப்படி?

ரகம், வெயில், தண்ணீர், வயது நான்கும் சேர்ந்து விளையாடுகின்றன. 1912-ல் வில்பர் ஸ்கோவில் உண்டாக்கிய காரக் கணக்கில் ஹலபீனோ 2,500 முதல் 8,000 வரை என்று சொல்வார்கள். அந்த இடைவெளியே மூன்று மடங்கு. இதில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 1980-களின் தொடக்கத்தில் காரம் குறைந்த ஹலபீனோ ஒன்றை உருவாக்கியது. சல்சா, ஊறுகாய் ஆலைகளுக்கு ஒரே மாதிரி அளவும் ஒரே மாதிரி மிதமான காரமும் வேண்டும் என்பதால் அந்த வழியில் வந்த பெரிய, மிதமான ரகங்கள் இன்று வயல்களில் அதிகம்.

கடையில் நின்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. தோலில் மெல்லிய பழுப்புக் கோடுகள், பட்டை வெடித்த தழும்பு போல ஓடியிருக்கும் காய்களைப் பாருங்கள். அவை செடியில் முற்றியவை, சில சமயம் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பார்த்தவை. பெரும்பாலும் காரம் கூடுதல். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை, மெக்சிகோவில் அதைத்தான் தேடி எடுப்பார்கள். காரம் உறுதியாக வேண்டும் என்றால் செர்ரானோவுக்கு மாறிவிடுங்கள், அது 10,000-க்கு மேல். காரம் குறைய வேண்டும் என்றால் உள்ளே விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை நரம்பைச் சுரண்டி எடுங்கள். காரம் சுரப்பது அந்த நரம்பில்தான். விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டிக்கொண்டது.

பச்சையா இருக்கும்போது ஒரு பேரு, காஞ்சா வேற பேரு. குழப்பமா இருக்கு.

இதை ஒருமுறை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பொப்லானோ பழுத்துக் காய்ந்தால் ஆன்சோ. பொப்லானோவிலேயே பழுக்கும்போது பழுப்பாகும் வகை காய்ந்தால் முலாட்டோ. பழுத்த ஹலபீனோவைப் புகையில் உலர்த்தினால் சிபோட்லே. நீளமான சிலாகா காய்ந்தால் பசியா. மிராசோல் காய்ந்தால் குவாஹியோ. உருண்டையான போலா காய்ந்தால், ஆட்டினால் கலகலவென்று சத்தம் போடும் கஸ்கபேல். அர்போல் மட்டும் பச்சையிலும் காய்ந்தாலும் அர்போல்தான்.

சுவையில் இவை ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. பச்சை பொப்லானோவில் இருக்கும் பச்சிலை மணம் ஆன்சோவில் கிடையாது. ஆன்சோவில் உலர்ந்த திராட்சை மாதிரி ஒரு இனிப்பு வரும். ரெசிபியில் ஆன்சோ என்று இருக்கும் இடத்தில் பொப்லானோவை அரைத்துப் போட்டால் அது வேறு சமையல்.

கடையில ‘பசியா’ன்னு எழுதி பச்சை மிளகாய் வச்சிருக்காங்க. இப்பத்தானே பசியா காஞ்சதுன்னு சொன்னீங்க?

நீங்கள் பார்த்தது அநேகமாக பொப்லானோ. கலிபோர்னியாவில் ஆரம்பித்து மேற்குப் பகுதிக் கடைகள் பலவற்றில் பச்சை பொப்லானோவை பசியா என்று எழுதி வைக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. அதோடு நிற்காமல் காய்ந்த ஆன்சோப் பையிலும் சில நிறுவனங்கள் பசியா என்று அச்சிடுகின்றன.

பெயரை விட்டுவிட்டு உருவத்தைப் பாருங்கள். அகலமான இதய வடிவம், சுருக்கம் விழுந்த கருஞ்சிவப்பு என்றால் ஆன்சோ. குச்சி மாதிரி நீளமாக, ஒடுங்கி, கிட்டத்தட்ட கறுப்பாக இருந்தால் பசியா. ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் ஆன்சோ சிவப்பாகத் தெரியும், முலாட்டோ அடர் பழுப்பாகத் தெரியும். இந்த வெளிச்சச் சோதனை எந்தச் சீட்டையும் விட நம்பகமானது.

ஹேட்ச் மிளகாய், ஹேட்ச் மிளகாய்னு ஆகஸ்ட் ஆனா ஒரே பேச்சா இருக்கே. அது என்ன ரகம்?

அது ரகத்தின் பெயரே இல்லை, ஊரின் பெயர். நியூ மெக்சிகோ மாநிலத்தில் ரியோ கிராண்டே ஆற்றோரம் இருக்கும் ஹேட்ச் பள்ளத்தாக்கில் விளையும் நீளமான பச்சை மிளகாய்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர். உள்ளே பிக் ஜிம், சாண்டியா என்று பல ரகங்கள் உண்டு, காரமும் அதற்கேற்ப மாறும். பெட்டியில் மிதம், நடுத்தரம், காரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இந்த நீள மிளகாய் வம்சத்துக்கு அடித்தளம் போட்டவர் ஃபாபியான் கார்சியா என்ற தோட்டக்கலை அறிஞர். இன்றைய நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட ‘நியூ மெக்சிகோ நம்பர் 9’ என்ற ரகத்திலிருந்துதான் மற்றவை கிளைத்தன.

பருவம் ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது. ஹேட்ச் ஊரில் செப்டம்பர் தொடக்கத்து லேபர் டே விடுமுறை வாரக்கடைசியில் திருவிழாவே நடக்கும். வேறு எங்கோ விளைந்ததை நியூ மெக்சிகோ மிளகாய் என்று விற்பதைத் தடுக்க அந்த மாநிலத்தில் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் மற்ற மாநிலக் கடைகளில் எதையும் ‘ஹேட்ச்’ என்று கூவுவார்கள். பெட்டியில் பண்ணை அல்லது அனுப்பியவரின் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். ஜூன் மாதமே ‘ஹேட்ச்’ வந்துவிட்டது என்றால் நான் வாங்க மாட்டேன்.

பக்கத்து மாநிலமான கொலராடோவில் பியூப்லோ மிளகாய் இருக்கிறது. சதை தடிமனாக, செடியில் வானம் பார்த்து நிற்கும் வகை. டென்வர் பக்கம் இருப்பவர்கள் ஹேட்சுக்காக ஏங்காமல் செப்டம்பரில் அதை வாங்கலாம்.

கடை வாசல்ல டிரம்ல போட்டுச் சுட்டுத் தர்றாங்களே, அது நல்லதா? வீட்டுலயே சுட்டா ஆகாதா?

டிரம்மில் சுடுவது மிக நல்லது, கிடைத்தால் விடாதீர்கள். கம்பிவலை உருளையைச் சுற்றவிட்டு அடியில் கேஸ் ஜ்வாலையை உறுமவிடுவார்கள். தோல் நிமிடங்களில் கருகிக் கொப்பளிக்கும், சதை வேகாமல் நிற்கும், காற்றில் கரிந்த தோல் துணுக்குகள் பறக்கும். வீட்டு அடுப்பில் அந்தச் சூடு வராது. ஒரு மூட்டை மிளகாய் வாங்கினால் பெரும்பாலும் சுட்டுத் தருவார்கள். ஒரு மூடியுள்ள குளிர்பெட்டியைக் காரில் எடுத்துப்போங்கள். மூடி வைத்தால் தன் ஆவியிலேயே தோல் கழன்றுவிடும். வண்டியில் மணம் பல நாள் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் நான்கைந்து பொப்லானோ சுட கேஸ் அடுப்பின் நேரடித் தீ போதும். மின்னடுப்பு என்றால் ஓவனில் மேல்தீயில் வையுங்கள். கறுத்ததும் பாத்திரத்தில் போட்டு மூடிக் கால்மணி நேரம் விட்டு உரியுங்கள். குழாயில் கழுவ வேண்டாம், சுட்ட மணமெல்லாம் தண்ணீரோடு போய்விடும். நிறைய வாங்கியிருந்தால் தோலை உரிக்காமலே சிறு சிறு பைகளில் உறைய வையுங்கள். எடுக்கும்போது தோல் சுலபமாக வரும், சதையும் நன்றாக இருக்கும். ஒரு வருடம் வரை ஓடும்.

காஞ்ச மிளகாய் பழசா புதுசான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வளைத்துப் பாருங்கள். நல்ல ஆன்சோவும் பசியாவும் தோல் மாதிரி வளையும். நொறுங்கினால் பழையது. குவாஹியோ கொஞ்சம் விறைப்பாக இருக்கும், ஆனால் பளபளப்பு இருக்க வேண்டும். நிறம் மங்கி செங்கல் தூசி மாதிரி ஆகியிருந்தால் வேண்டாம். பையின் அடியில் தூள் அதிகம் இருந்தாலும், மிளகாயில் ஊசி குத்திய மாதிரி ஓட்டைகளோ நூலாம்படையோ இருந்தாலும் அந்துப்பூச்சி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தால் மற்ற மாவு, தானியங்களுக்கும் பரவும்.

கண்ணாடிப் பையில் அடைத்ததை விட, தொட்டியில் குவித்து வைத்து இடுக்கியால் எடுத்துக்கொள்ளும் கடையே எனக்குப் பிடிக்கும். முகர்ந்து பார்க்கலாம், தேவையான அளவு மட்டும் எடுக்கலாம். வீட்டில் காற்றுப் புகாத பையில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் நிறமும் மணமும் நிற்கும்.

வீட்டுல இருக்கிற வேற ஏதாவது காஞ்ச மிளகாயைப் போட்டா என்ன?

மிளகாய் அந்தச் சமையலில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் பாருங்கள். அர்போல் காரத்துக்கு. அந்த இடத்தில் எந்தக் காரமான சிறு காய்ந்த மிளகாயும் ஓரளவு நிற்கும். ஆன்சோ, பசியா, குவாஹியோ அப்படி இல்லை. ஒரு குழம்புக்கு ஆறேழு போட்டு அரைப்பார்கள். கெட்டி, நிறம், இனிப்பு, அடிச்சுவை எல்லாம் அதிலிருந்துதான். காரமான மிளகாயை அந்த எண்ணிக்கையில் போட்டால் வாயில் வைக்க முடியாது, குறைத்துப் போட்டால் குழம்பு தண்ணீராக நிற்கும்.

நியாயமான மாற்றுகள் உண்டு. குவாஹியோவுக்கு நியூ மெக்சிகோவின் காய்ந்த சிவப்பு மிளகாய். முலாட்டோவுக்கு ஆன்சோ. பச்சை பொப்லானோவுக்கு நீளமான, மிதமான அனஹைம் மிளகாய் அல்லது ஹேட்ச், காரம் பார்த்து. ஹபனேரோவுக்கு ஸ்காட்ச் பானெட், இரண்டும் ஒரே இனம். சிபோட்லே இல்லையென்றால் ஆன்சோவோடு புகையூட்டிய பாப்ரிகா. ஆனால் டப்பாவில் அடோபோ என்ற சாந்தில் ஊறிய சிபோட்லே எல்லா ஊரிலும் கிடைக்கிறது, அதற்கு மாற்றுத் தேட அவசியமே வராது.

தொமாத்தியோவுக்குப் பதிலா பச்சைத் தக்காளி போடலாமா?

அவசரத்துக்குப் போடலாம், எலுமிச்சை பிழிந்து. ஆனால் தொமாத்தியோ தக்காளியின் இளங்காய் இல்லை, வேறு செடி. அதில் இருக்கும் பிசுக்கும் புளிப்பும் பச்சைத் தக்காளியில் வராது. வாங்கும்போது காகித உறையைக் காய் நிறைத்திருக்க வேண்டும். உறை பெரிதாக, உள்ளே காய் சுருங்கி உருண்டுகொண்டிருந்தால் வேண்டாம். கோலியளவு மில்பேரோ வகை கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், சுவை கூடுதல். உரித்ததும் கையில் ஒட்டும் பசை வெந்நீரில் போய்விடும். வேகவைத்து அரைக்கும் சல்சாவுக்கு டப்பாவில் வருவதும் பரவாயில்லை.

எபசோட்டே, பாபலோ, ஓஹா சாந்தா மாதிரி இலையெல்லாம் எங்க கிடைக்கும்? காஞ்சது போதுமா?

எபசோட்டே மெக்சிகன் கடையின் குளிர்பெட்டியில் கட்டுக்கட்டாக இருக்கும். கறுப்பு பீன்ஸில் ஒரு கிளை போட்டால் போதும், கடுமையான மணம். காய்ந்த எபசோட்டே சுமார்தான். பாபலோ பச்சையாகவே சாப்பிட வேண்டியது, கொதிக்க வைத்தால் வீண். மெக்சிகோவின் பியூப்லா மாநிலத்து செமீதா சாண்ட்விச்சில் அதுதான் உயிர். பியூப்லாக்காரர்கள் அதிகம் வாழும் நியூயார்க்கில் கோடைச் சந்தைகளில் கட்டாகக் கிடைக்கும். ஓஹா சாந்தா சோம்பு வாசனை வரும் பெரிய இதய வடிவ இலை. டெக்சாஸில் வீட்டுத் தோட்டங்களிலேயே வளர்கிறது, கடையில் உறைய வைத்தது பார்த்திருக்கலாம்.

காய்ந்த நிலையில் முழு மதிப்போடு இருப்பது மெக்சிகன் ஒரேகானோ. அதை பீட்சாவில் தூவும் ஒரேகானோவோடு சேர்த்து நினைக்காதீர்கள். இரண்டும் வேறு குடும்பம். காசும் அதிகமில்லை, ஒரு பை வாங்கிவிடுங்கள்.

பூசணிப்பூவும் உய்த்லகோச்சேவும் ஒரு தடவையாவது சமைச்சுப் பார்க்கணும். எப்படி?

பூசணிப்பூவுக்கு விடிகாலைச் சந்தை. பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் துவண்டுவிடும். வாங்கிய அன்றே சீஸோடு தொர்தியாவில் மடித்துச் சுடும் கேசாதியாவில் வைத்துவிடுங்கள். பண்ணைக்காரரிடம் முந்தைய வாரமே சொல்லிவைத்தால் எடுத்து வைப்பார்.

உய்த்லகோச்சே மக்காச்சோளக் கதிரில் வரும் சாம்பல் நிறப் பூஞ்சை. அமெரிக்க விவசாயிகள் அதை நோய் என்று பிடுங்கி எறிவார்கள். பூச்சிமருந்து அடிக்காமல் சோளம் போடும் பண்ணையில் கேட்டால் ஆச்சரியத்தோடு கொடுத்துவிடக்கூடும். இளசாக, சாம்பலும் வெள்ளையுமாக, அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும். உள்ளே கறுப்புப் பொடியாகிவிட்டால் காலம் தாண்டிவிட்டது. புதியது கிடைக்காவிட்டால் உறைய வைத்தது, அதுவும் இல்லையென்றால்தான் டப்பா.

மாசா மாவுப் பையில வர்றதும் தொர்தியேரியாவுல விக்கிறதும் ஒண்ணுதானே?

இல்லை. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு அரைத்த ஈரமாவுதான் புது மாசா. அதை உலர்த்திப் பொடியாக்கியது மாசா அரீனா. பையில் வருவதில் நல்ல தொர்தியா வரும், ஆனால் புது மாசாவின் சோள மணம் தனி. சோளம் அரைக்கும் தொர்தியேரியாவில் பவுண்டு கணக்கில் விற்பார்கள். காலையில் வாங்கி அன்றே பயன்படுத்துங்கள், அடுத்த நாள் லேசாகப் புளிக்கத் தொடங்கும்.

தொர்தியாவுக்கு நைசான மாசா, சோளமடலில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் தமாலேவுக்குக் கொஞ்சம் கொரகொரப்பானது. எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் வரை தமாலே காலம் என்பதால் வரிசை கடை வாசல் தாண்டி நிற்கும். முன்பதிவு செய்துவிடுங்கள்.

நாங்க சைவம். எதுல கவனமா இருக்கணும்?

முதலில் மேலே சொன்ன மாசா. ‘மாசா பிரெபராதா’ என்றால் பன்றிக் கொழுப்பு, சூப், உப்பு எல்லாம் பிசைந்தது. ‘சின் பிரெபரார்’ என்றால் வெறும் மாசா. சைவர்களுக்கு இரண்டாவதுதான். மான்தேகா என்ற சொல் எந்தப் பொருளின் பின்பக்கம் இருந்தாலும் பன்றிக் கொழுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அரைத்து வதக்கிய டப்பா பீன்ஸ், மாவுத் தொர்தியா, பேக்கரி பண்டங்கள் ஆகியவற்றில் இது சகஜம். கடையில் வாளியில் விற்கும் மோலே என்ற மிளகாய்க் குழம்புப் பசையில் கோழிச் சாறு இருக்கலாம். சீஸில் பாலை உறையவைக்கும் விலங்கு ரென்னெட் வேண்டாம் என்பவர்கள் சீட்டைப் படிக்க வேண்டும்.

சைவமா இல்லையா என்பதற்கு அப்பால் ஒன்று. கேசோ ஃப்ரெஸ்கோ போன்ற மென்மையான, புளிக்கவைத்து முற்றாத புதுச் சீஸ்களை கர்ப்பிணிகள் சூடாக்காமல் சாப்பிடக் கூடாது, லிஸ்டீரியா கிருமி அபாயம் உண்டு. காய்ச்சிய பாலில் செய்ததுக்கும் இது பொருந்தும்.

ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. கடையில பேச சங்கடமா இருக்கு.

நாலைந்து சொற்றொடர் போதும். ‘பீகா முச்சோ?’ என்றால் ரொம்பக் காரமா? ‘தியேனே எபசோட்டே?’ என்றால் எபசோட்டே இருக்கிறதா? ‘கே தீயா யேகா?’ என்றால் எந்த நாள் சரக்கு வரும்? இந்தக் கடைசிக் கேள்விதான் தங்கம். காய்கறி லாரி வரும் கிழமையைத் தெரிந்துகொண்டு அன்று மாலையோ மறுநாள் காலையோ போனால், முதல் பதிலில் சொன்ன வேகமாகத் தீரும் சரக்கில் முதல் ஆளாக நிற்பீர்கள். போனில் படத்தைக் காட்டினாலும் போதும். எதற்குச் சமைக்கிறீர்கள் என்று சொன்னால் அடுத்து நிற்கும் அம்மாவே வந்து பொறுக்கித் தருவதும் நடக்கும்.

ஓஹாக்கா மோலே நெக்ரோவுக்கு சில்வாக்லே மிளகாய் வேணும்னு எழுதியிருக்கு. எங்க தேடியும் இல்லையே?

கிடைக்காதது உங்கள் தவறில்லை. தெற்கு மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தில் கன்யாதா பகுதியில் குறைந்த அளவில் விளைவது அது, மெக்சிகோவிலேயே விலை அதிகம். எப்போதாவது ஓஹாக்காப் பொருட்களை மட்டும் விற்கும் கடையிலோ இணையத்திலோ வரும். லாஸ் ஏஞ்சலஸில் ஓஹாக்காக்காரர்கள் நிறைய இருப்பதால் அங்கே வாய்ப்பு கூடுதல்.

அதுவரை முலாட்டோ, பசியா, குவாஹியோ மூன்றையும் கலந்து செய்யுங்கள். மிளகாய் விதையையும் ஒரு தொர்தியாவையும் கருக வறுத்துச் சேர்த்தால்தான் அந்தக் கருமை வரும், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். இதுவும் உண்மையான மோலேதான். ஓஹாக்காவிலேயே பல வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள்.

மெக்சிகோ போயிட்டு வரும்போது மிளகாய் வாங்கிட்டு வரலாமா?

எதைக் கொண்டுவந்தாலும் எல்லையில் அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளை அனுமதிக்காவிட்டால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். நன்றாகக் காய்ந்த, பூச்சியில்லாத மிளகாய்க்கு வாய்ப்பு அதிகம், ஆனால் முடிவு அங்கே நிற்கும் வேளாண் ஆய்வாளருடையது. பச்சைக் காய்கனிகளையும் பன்றி இறைச்சி சேர்ந்த எதையும் தவிர்த்துவிடுங்கள்.

காட்டு மிளகாய் சில்டெபின் பத்திக் கேள்விப்பட்டேன். வாங்க முடியுமா?

முடியும், விலை அதிகம். மிளகுமணி அளவில் உருண்டையாக, சுளீரென்று ஏறிச் சட்டென்று இறங்கும் காரம். சொனோராப் பாலைவன மலைச்சரிவுகளில் இலையுதிர் காலத்தில் ஒவ்வொன்றாகக் கையால் பறிக்கிறார்கள், அதனால்தான் அந்த விலை. தெற்கு அரிசோனாவிலும் இயற்கையாக வளர்கிறது. அங்கே துமகாகோரி அருகே தேசிய வனத்தில் அதற்கென்றே ஒரு பாதுகாப்புப் பகுதி இருக்கிறது. டூசான் பக்கத்துக் கடைகளில் சிறு பொட்டலமாகக் கிடைக்கும்.

இவ்வளவு அலையறதுக்குப் பதிலா வீட்டுலயே வளர்த்துட்டா?

எபசோட்டேவும் பாபலோவும் கண்டிப்பாக. தொட்டியிலேயே வரும், எபசோட்டே பூத்து விதை விழுந்தால் அடுத்த வருடம் களையாகவே முளைக்கும். அதனால் பூவைக் கிள்ளிவிடுங்கள். சிலாகா, மிராசோல் மாதிரி கடையில் வராத மிளகாய்களுக்கும் வளர்ப்பதுதான் வழி. கடைசி உறைபனித் தேதிக்கு எட்டு முதல் பத்து வாரம் முன்பே வீட்டுக்குள் விதையுங்கள். மண் வெதுவெதுப்பாக இல்லாவிட்டால் முளைக்க அடம்பிடிக்கும். தொமாத்தியோ வைத்தால் ஒன்றுக்கு இரண்டு செடியாக வையுங்கள், தனிச் செடி பூக்கும், ஆனால் காய்க்காது.

கடையில் வாங்கிய மிளகாயின் விதையைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். பச்சைக் காயில் விதை முற்றியிருக்காது, பழுத்த காயிலிருந்து எடுங்கள். ஆனால் கடைச் சரக்கில் பல ஒட்டுரகங்கள் என்பதால் தாய்ச்செடி மாதிரியே வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பக்கத்தில் வேறு மிளகாய் பூத்திருந்தால் தேனீ கலந்துவிடும். அந்த வருடக் காயில் வித்தியாசம் தெரியாது, அதன் விதையைப் போட்ட அடுத்த வருடம்தான் தெரியும். விதைக்காக ஒரு கிளையை மட்டும் பூக்கும் முன்பே மெல்லிய வலைத்துணியால் கட்டிவையுங்கள்.